பத்துப் பாட்டுப் பட்டியல் தரமாட்டேன்: சிந்த்-பாப், எலெக்ட்ரானிக், இண்டி

கேள்வி: கிள்ளானிலிருந்து ஒரு வாசகி, ஜனவரி 8, 2025

"என் அறைத்தோழி நாள் முழுக்க சிந்த்-பாப், எலெக்ட்ரானிக் என்று எதையாவது போட்டுக்கொண்டே இருக்கிறாள். எனக்கு அது மெஷின் ஓடும் சத்தமாகத்தான் கேட்கிறது. இளையராஜா, ரகுமான் கேட்டு வளர்ந்த காது. நம் ஆட்களுக்கும் இந்த இசைக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் கேட்டுப் பார்க்க ஆசையாக இருக்கிறது. பத்துப் பாட்டுச் சொல்லுங்கள்."

ஜனவரி 8, இரவு

பத்துச் சொல்லமாட்டேன், தங்கச்சி. ஒன்று சொல்கிறேன். பத்துக் கொடுத்தால் ஒவ்வொன்றையும் அரை நிமிடம் ஓட்டிவிட்டு, "ஒத்துவரவில்லை அண்ணே" என்று எழுதுவீர்கள். என் தங்கை மகனுக்கு ஒரு முறை நீளமான பட்டியல் அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது. அதோடு சரி.

பாட்டு: டோனா சம்மர் பாடிய 'ஐ ஃபீல் லவ்', 1977. மியூனிக்கில் ஜார்ஜோ மொரோடரும் பீட் பெல்லட்டும் தயாரித்தது. கீழே அடிக்கிற பெரிய டிரம் மட்டும் மனிதர் வாசித்தது. மற்ற வாத்தியம் எல்லாம் மூக் சிந்தசைசர், அதாவது மின்சாரத்தால் ஒலியை உண்டாக்கும் கருவி. அதை முன்னால் வைத்துச் செய்கிற பாப் இசைதான் சிந்த்-பாப். ஆனால் சும்மா கேட்காதீர்கள். காதொலிப்பானை முதலில் இடக்காதில் மட்டும் வைத்து ஒரு நிமிடம், பிறகு வலக்காதில் மட்டும் ஒரு நிமிடம், அதற்குப் பிறகு இரண்டிலும். ஒரு பக்கம் வரும் பாஸ் ஒலியின் எதிரொலி, இம்மியளவு தாமதித்து மறுபக்கம் வருகிறது. தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் சாதாரண நடை. சேர்ந்தால் ஓட்டம் பிடிக்கிறது. குரலைப் பற்றி இப்போதைக்குக் கவலைப்படவேண்டாம்.

மெஷின் ஓடும் சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் அதற்குப் பக்கத்தில் நின்றுதான் சம்பளம் வாங்குகிறேன். இது அதுவன்று.

ஜனவரி 9

ஈப்போ நண்பர் சண்டைக்கு வந்துவிட்டார். கிராஃப்ட்வெர்க் என்ற ஜெர்மானியக் குழுவைச் சொல்லாமல் எப்படித் தொடங்கலாம் என்கிறார். டுசல்டார்ஃப், 1974, 'ஆட்டோபான்', நெடுஞ்சாலை என்று அர்த்தம். சரிதான் ஐயா, தாத்தாக்கள் அவர்கள்தான். ஆனால் அந்தத் தலைப்புப் பாட்டு 22 நிமிடத்துக்கும் மேல் ஓடுகிறது, இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதும் அதுதான். புதிதாக வருகிறவருக்கு அதைக் கொடுத்தால் அறைத்தோழி மீதும் கோபம் வரும். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் தாப்பா தாண்டி, லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட நேரத்தில் போடுங்கள். அப்போது அதன் அருமை தெரியும்.

ஜனவரி 12

இண்டி என்றால் எந்த வகை ஒலி என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். ஒலியைப் பார்க்காதீர்கள், பணம் யாருடையது என்று பாருங்கள். பெரிய நிறுவனத்தின் காசு இல்லாமல் வெளிவந்தால் இண்டி. அதில் கிதாரும் இருக்கலாம், சிந்தசைசரும் இருக்கலாம். லண்டனில் டேனியல் மில்லர் 1978இல் தன் சொந்தப் பாட்டை வெளியிடத் தொடங்கிய நிறுவனம்தான் மியூட். டெபெஷ் மோட் என்ற சிந்த்-பாப் குழு அங்கிருந்துதான் வந்தது. மான்செஸ்டரில் அதுபோல ஃபேக்டரி என்ற நிறுவனம். அங்கிருந்து நியூ ஆர்டர் குழு 1983இல் கொண்டுவந்த 'புளூ மண்டே' 12 அங்குலத் தட்டின் உறை அந்தக் காலத்து ஃபிளாப்பி டிஸ்க் போல வெட்டப்பட்டிருக்கும். குழுவின் பெயரும் பாட்டின் பெயரும் எழுத்தில் இருக்காது, வண்ணக் கட்டங்களாக இருக்கும். கடையில் போய் இதை எப்படித்தான் கேட்டு வாங்கினார்களோ. பெரிய நிறுவனத்தின் விற்பனைப் பிரிவு இதைப் பார்த்திருந்தால் ஓவியரை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கும்.

ஜனவரி 15

"நம் ஆட்களுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை" என்ற வரி மனத்தில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. இன்று விடுப்பு, எழுதிவிடுகிறேன்.

சரண்ஜித் சிங். பம்பாய்த் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்து வந்தவர், கல்யாணக் கச்சேரிகளுக்கும் போனவர். 1982இல் ரோலண்ட் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் மூன்று மின்கருவிகளை வைத்துக்கொண்டு ஒரு தட்டுப் பதிவு செய்தார். தாளத்துக்கு டிஆர்-808, பாஸுக்கு டிபி-303, மேலே வாசிக்க ஜூபிட்டர்-8. பத்து ராகங்கள், டிஸ்கோ தாளம். தட்டின் பெயரும் ஏறக்குறைய அதுதான். விற்கவில்லை. பிற்பாடு ஒல்லாந்து நாட்டு இசைத்தட்டுச் சேகரிப்பாளர் ஒருவர் கையில் கிடைத்து, 2010இல் மறுபடி வெளிவந்தது. அப்போதுதான் உலகம் எழுந்து உட்கார்ந்தது. ஏனென்றால் சிகாகோவில் அதே டிபி-303ஐ வைத்துக்கொண்டு ஃபியூச்சர் என்ற குழு 'ஆசிட் டிராக்ஸ்' வெளியிட்டு, ஆசிட் ஹவுஸ் என்று நடன இசையில் ஒரு தனி வகையையே தொடங்கி வைத்தது 1987இல். இவர் வாசித்து ஐந்து ஆண்டு கழித்து.

கருவியைப் பற்றி இரண்டு வார்த்தை. டிபி-303 செய்யப்பட்டது பாஸ் கிதார் வாசிக்க ஆள் கிடைக்காதவர்களுக்காக. அந்த வேலையில் அது படுதோல்வி, யாருக்கும் பாஸ் கிதார் போலக் கேட்கவில்லை. 1984லேயே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதில் 'ஸ்லைடு' என்று ஒரு வசதி இருந்தது. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வெட்டாமல் வழுக்கிப் போகும். நம் பாட்டு வாத்தியார்கள் ஜாரு என்று சொல்லி, சரியாக வரும்வரை விடமாட்டார்களே, அதே வேலையைச் சின்ன அளவில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி செய்கிறது. ராகம் வாசிக்க அதை எடுத்தவருக்கு நல்ல காது.

முதலில் பைரவ் கேளுங்கள். இந்துஸ்தானி பைரவ் நமக்கு மாயாமாளவகௌளை. கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை சரளி வரிசை பாடியவர்கள், 'ஸரிகமபதநிஸ' என்று தொண்டை கட்டக் கத்தியவர்கள் யாரானாலும், முதல் சில நொடியிலேயே சுரம் அடையாளம் தெரிந்துவிடும். அடுத்து மால்கௌன்ஸ், நம் ஹிந்தோளம். அதற்கடுத்து யமன், நம் கல்யாணி. இந்த இசைக்கு வெளியே நிற்கிறோம் என்று நினைக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது.

ஜனவரி 16

அடடா. ஒரு தட்டைச் சொன்னேன், உடனே "ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவன் இந்தியன், வெள்ளைக்காரன் திருடினான்" என்று கொடி பிடித்துக் கிளம்பிவிட்டார்கள். உட்காருங்கள். முதலாவது, சிகாகோவில் அதைச் செய்தவர்கள் வெள்ளைக்காரர்கள் இல்லை, கறுப்பின இளைஞர்கள். இரண்டாவது, பம்பாயில் விற்காத தட்டு அவர்கள் கைக்குப் போயிருக்கும் என்பதற்கு எந்தச் சான்றும் கிடையாது. ஒரே பெட்டி, இரண்டு ஊர், இரண்டு காது. எனக்கு அதுவே போதுமான அதிசயம்.

ஜனவரி 19

இன்று காலை லோரோங் கூலிட். பினாங்குக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: நகர விளையாட்டரங்கத்தை ஒட்டிய பழைய பொருள் சந்தை. துருப்பிடித்த திருகாணி முதல் யாரோ ஒருவரின் குடும்பப் படம் வரை கிடைக்கும். கீழே விரித்த தார்ப்பாயில் கேசட்டுகள் கிடந்தன. மேல் வரிசை முழுக்க மலாய் ராக், இரண்டு அலிகேட்ஸ், அடியில் தமிழ்.

அலிகேட்ஸைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். பினாங்குத் தமிழ்ப் பிள்ளைகள், லோகநாதன், டேவிட் ஆறுமுகம். மலாயில் பாடி நாடு முழுவதையும் தலையாட்ட வைத்தவர்கள். லோகநாதன் 2007இல் போய்விட்டார். சிந்த்-பாப் குழு என்று அவர்களைச் சொல்லமுடியாது. ஆனாலும் 'நம் ஆட்கள் பாப் இசையில் எங்கே' என்று கேட்கிறவர்களிடம் முதலில் காட்டவேண்டிய முகம் அந்த இரண்டு சுருட்டை முடித் தலைகள்தான்.

அடியில் 'புன்னகை மன்னன்' கிடந்தது. 1986. கணினி இசை என்று விளம்பரத்தோடு வந்தது. கடைக்காரர் ஐந்து வெள்ளி சொன்னார்.

"நாடா சுருங்கியிருக்கிறதே பாய், மூன்றுக்குத் தாருங்கள்."

"சுருங்கினால் என்ன, அட்டைப் படம் அப்படியே இருக்கிறதே. ஐந்து."

ஐந்து கொடுத்தேன். தங்கச்சி, 'மெஷின் சத்தம்' என்றவர் நீங்கள். அந்தப் படத்தில் பாட்டு வரிகள் இல்லாத தீம் இசை ஒன்று இருக்கிறது, கேட்டிருப்பீர்கள். மறுபடி கேளுங்கள், இம்முறை நடிகர்கள் முகத்தை மறந்துவிட்டு. அதை ரசித்த காது சிந்தசைசரை ஏற்கெனவே ரசித்த காதுதான். பட்டர்வொர்த்திலிருந்து தொழிற்சாலைப் பஸ்ஸில் வரும்போது ஓட்டுநர் போட்ட கேசட்டுகளில் பாதி இப்படித்தான். டிரம் மெஷின், சுரங்களை வரிசையாகத் தானே வாசிக்கும் சீக்குவென்சர், மேலே ஜானகி அம்மா. எவரும் அதை எலெக்ட்ரானிக் என்று பிரித்துச் சொல்லவில்லை.

ஜனவரி 19, சற்று நேரம் கழித்து

வீட்டில் போட்டுப் பார்த்தேன். நாடா உண்மையிலேயே சுருங்கியிருக்கிறது. கணினி இசைக்குச் சளி பிடித்தது போல.

ஜனவரி 27

"எங்கள் வீட்டில் இருந்தது ஒரு காசியோதான், அதில் என்ன பெரிய இசை வந்துவிடப்போகிறது" என்கிறார் தைப்பிங் நண்பர். ஐயா, காசியோவை இளக்காரமாகப் பேசவேண்டாம். எம்டி-40 என்று 1981இல் ஒரு சின்ன விசைப்பலகை. அதில் 'ராக்' என்ற தாளத்தைத் தேர்ந்தால் தானாக ஓடுகிற தாளமும் பாஸும் இருக்கும். ஜமைக்காவில் 1985இல் தயாரிப்பாளர் கிங் ஜாமி அந்தத் தாளத்தின் வேகத்தைக் குறைத்துப் பதிவு செய்ய, மேலே வெய்ன் ஸ்மித் பாடினார். அந்தப் பாட்டுத்தான் ஸ்லெங் டெங். அதோடு ரெகே இசையே டிஜிட்டல் பக்கம் சாய்ந்துவிட்டது. அந்தத் தாளத்தை நிறுவனத்துக்குள் உருவாக்கியவர் ஹிரோகோ ஒகுடா, இசை படித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்த இளம்பெண். பரணில் இருந்தால் இறக்கித் துடைத்து வையுங்கள்.

பிப்ரவரி 12

நேற்றுத் தைப்பூசம். தண்ணீர்மலைச் சாலையில் நடந்து நடந்து கால் வீங்கியிருக்கிறது, காதில் இன்னும் உறுமி.

இதை எழுதவேண்டும் என்று நேற்றே நினைத்தேன். தேங்காய்ச் சில் மலையாகக் குவிந்திருந்த ஓரத்தில், பதின்ம வயதுப் பையன்களின் மேளக்குழு ஒன்று. உறுமிக்காரப் பையன் ஒரு பக்கத் தோலை அடிக்கிறான், மறுபக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்க்கிறான். தேய்க்கிற பக்கம்தான் சங்கதி. அந்த 'ஊங்' என்ற ஒலி கீழிருந்து மேலே வழுக்கிப் போகும்போது வயிற்றில் பிடிக்கிறது. காவடிக்காரர் கண் செருகுவது அந்த இடத்தில்தான். எலெக்ட்ரானிக் இசைக் கூடங்களில் பெரிய ஒலிபெருக்கி வைத்துத் தேடுவதும் இதே இடத்தைத்தான். கீழ்ஸ்தாயி, வழுக்கல், விடாத திரும்பல்.

எம்.ஐ.ஏ. என்ற பாடகிக்கு இது தெரிந்திருந்தது. மாதங்கி அருள்பிரகாசம், லண்டனில் வளர்ந்த ஈழத்துப் பெண். 2005இல் வந்த முதல் தொகுப்புக்கான பாட்டுகளை ரோலண்ட் எம்சி-505 என்ற ஒற்றைப் பெட்டியில் கட்டத் தொடங்கினார். 2007இல் வந்த 'கலா' தொகுப்புக்கு உறுமியைக் கொண்டுவந்தார். 'பேர்ட் ஃபுளூ' கேளுங்கள். அவரைப் பிடிக்காதவர்களும் நிறைய, பேச்சுக்காகவும் பிடிவாதத்துக்காகவும். எனக்கும் எல்லாப் பாட்டும் பிடிக்காது. ஆனால் பத்துமலைக்கோ தண்ணீர்மலைக்கோ ஒரு முறை போய்வந்த மலேசியத் தமிழருக்கு அந்தப் பாட்டில் விளக்கம் தேவைப்படாது. வெள்ளைக்கார விமர்சகர்கள் மூச்சு வாங்கியதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

கேட்கும் முறை: கைப்பேசி ஒலிபெருக்கியில் கேட்டால் கேட்காததற்குச் சமம். கீழ் ஒலி அதில் வராது.

பிப்ரவரி 20

புதிய இசையை எங்கே தேடுவது, செயலி தானாகவே கொடுக்கிறதே, அது போதாதா?

ஸ்போட்டிஃபை நம் நாட்டுக்கு 2013இல் வந்தது. 2015 முதல் திங்கள்கிழமைதோறும் முப்பது பாட்டு தனித் தட்டில் வைத்துத் தருகிறது. முதலில் நானும் விழுந்து விழுந்து கேட்டேன். போகப் போக, நான் ஏற்கெனவே விரும்பிய பாட்டுகளின் ஒன்றுவிட்ட சகோதரர்களாகவே வரத் தொடங்கின. எனக்குப் பிடிக்காமல் போகக்கூடும் என்ற துணிச்சலோடு அது எதையும் கொடுப்பதில்லை.

நான் செய்வது வேறு. பேண்ட்கேம்ப் என்ற இசை விற்பனைத் தளம். ஒரு தொகுப்பின் பக்கத்தைத் திறந்தால், அதைக் காசு கொடுத்து வாங்கியவர்களின் சின்னப் படங்கள் வரிசையாக இருக்கும். யாராவது ஒரு வரி எழுதியிருப்பார்கள். நன்றாக எழுதியவரின் படத்தைத் தட்டினால் அவர் வாங்கிய மற்றவை எல்லாம் தெரியும். அங்கே ஒரு ஒழுங்கும் இருக்காது. ஒரு சிந்த்-பாப் தொகுப்புக்குப் பக்கத்தில் மாலி நாட்டுக் கிதார், அதற்குப் பக்கத்தில் யாரோ மழையைப் பதிவு செய்தது. அந்த ஒழுங்கின்மைதான் எனக்கு வேண்டும். பாட்டு விற்றால் தளம் எடுப்பது 15 விழுக்காடு, மிச்சத்தில் கட்டணச் செலவு போகக் கலைஞருக்கு. 2020 மார்ச் முதல் சில வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுக்கிறார்கள்.

இரவு வேலைக்காரர்களுக்கு: லண்டன் என்டிஎஸ் வானொலி. நமக்கு நள்ளிரவு என்றால் அங்கே மாலை நான்கு. நிகழ்ச்சி நடத்துபவர்கள் பாட்டுப் பட்டியலைப் பெரும்பாலும் பக்கத்திலேயே போட்டுவிடுவார்கள். பிடித்ததைக் குறித்துக்கொண்டு காலையில் தேடலாம்.

நேரில் தட்டுகளைப் புரட்ட ஆசைப்படும் கோலாலம்பூர்க்காரர்கள் வார இறுதியில் பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலுக்குப் போங்கள். கம்போங் அத்தாப்பில் சோங்ஷான் கட்டடத்தில் தண்டாங் என்ற கடையும் உண்டு. அங்கே பங்க் இசைதான் அதிகம். கடையில் இருப்பவரிடம் பேச்சுக் கொடுங்கள், அதுதான் விஷயம்.

பிப்ரவரி 21

நேற்று எழுதியதைப் படித்தால் பாட்டைத் தானாகத் தேர்ந்து தரும் செயலியின் மேல் எனக்கு ஏதோ பழைய பகை இருப்பது போலத் தெரிகிறது. அவ்வளவு இல்லை. பாடகி பிரியா ராகுவை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தது ஒரு செயலிதான். சுவிட்சர்லாந்தில் பிறந்து வளர்ந்த ஈழத்துப் பெண், அண்ணன் ஜாஃப்னா கோல்டு இசை அமைக்கிறார். 2021இல் வந்த முதல் தொகுப்பின் பெயரிலேயே தமிழச்சி என்று அறிவித்துக்கொண்டவர். எந்த மனிதரும் எனக்குச் சொல்லவில்லை. செயலி சொன்னது. ஆனால் அதை என் தங்கை மகனுக்கு நான் எப்படிக் கொடுத்தேன் என்றால், பாட்டை மட்டும் அனுப்பிவிட்டு, "பின்னால் வரும் தாளம் உன் பாட்டி வீட்டுக் கல்யாணத்தில் கேட்டதுபோல இருக்கிறதா, பார்" என்று எழுதினேன். இம்முறை கட்டைவிரல் வரவில்லை, தொலைபேசி அழைப்பு வந்தது. அந்தக் கேள்வியைச் செயலிக்குக் கேட்கத் தெரியாது. அவனுடைய பாட்டி யாரென்று அதற்குத் தெரியாதே.

மார்ச் 2

கிள்ளான் தங்கச்சி எழுதியிருக்கிறார்: ஒற்றைக் காது, மறு காது, இரண்டு காது எல்லாம் ஆயிற்று, இப்போது மெலடி வேண்டும் என்கிறார். நல்லது. யாஸூ, 'ஓன்லி யூ', 1982. டெபெஷ் மோடின் முதல் தொகுப்பு வந்ததும் அதிலிருந்து விலகிய வின்ஸ் கிளார்க் எழுதியது, பாடியவர் அலிசன் மோயே. ஒரு கனத்த மனிதக் குரல், சுற்றிலும் சிந்தசைசர். இம்முறை குரலை மட்டும் கேளுங்கள். அறைத்தோழியையும் பக்கத்தில் உட்காரவையுங்கள், அவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்புண்டு.

அதற்குப் பிறகு யெல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ரா, ஜப்பான், 1978இல் முதல் தொகுப்பு. ஹொசோனோ, சகாமோட்டோ, தகாஹாஷி. ஆசியாவைப் பற்றி மேற்கு செய்த பொம்மை இசையை எடுத்து, அதையே கேலி செய்து, அவர்களுக்கே திருப்பி விற்றவர்கள். தகாஹாஷியும் சகாமோட்டோவும் 2023இல், சில மாத இடைவெளியில் போனார்கள்.

இங்கே இப்போது யார் என்று கேட்டால், மலாயில் தி வெனோபியன் சோலிட்யூட், தகஹாரா சுய்கோ என்பவரின் முயற்சி. குரலையும் கருவியையும் வளைத்து விளையாடுவார். தமிழில்? 2006இல் யோகி பி, நட்சத்ராவின் 'வல்லவன்' வந்து ராப்புக்குக் கதவு திறந்தது. அந்தக் கதவு வழியாகச் சிந்த்-பாப் இன்னும் பெரிதாக வரக்காணோம். கருவி இல்லை என்று சொல்லமுடியாது. நம் கல்யாண இசைக்குழுக்களில் பாருங்கள், விசைப்பலகை இரண்டு, ஆக்டோபேட் ஒன்று, ஒலிக்கலவைக் கருவி ஒன்று. டெபெஷ் மோட் தொடங்கியபோது அவர்களிடம் இவ்வளவு இருந்திருக்காது. எனக்குத் தெரிந்த விசைப்பலகைக்காரர் ஒருவர், கச்சேரிக்கு முன் ஒலி சரிபார்க்கும்போது தானாக ஏதாவது வாசிப்பார். அவ்வளவு அழகாக இருக்கும். "இதைப் பதிவு செய்யலாமே அண்ணே" என்றால், "யார் கேட்பார்கள் தம்பி, ஆட்டத்துக்குப் பாட்டுப் போட்டால் போதும்" என்று விசையை மாற்றிவிடுவார். ஜார்ஜ் டவுன் ஹின் பஸ் டிப்போவில் ஒரு மாலை அவரை மேடையேற்றிப் பார்க்கவேண்டும் என்று எனக்கு ஆசை. அவருக்கு இல்லை.

மார்ச் 9

சுங்கை பட்டாணி தம்பி, யாரோ பழைய ரோலண்ட் ஜூனோ-106 சிந்தசைசர் விற்கிறார்களாம், வாங்கலாமா என்று கேட்கிறார். இழை எங்கிருந்து எங்கே வந்துவிட்டது, பரவாயில்லை, இது என் துறை.

1984இல் வந்த கருவி. ஒரே நேரத்தில் ஆறு சுரம். ஒவ்வொரு சுரத்தையும் எழுப்பும் உள்பகுதியைக் குரல் என்பார்கள். ஒவ்வொரு குரலுக்கும் உள்ளே ஒரு சில்லு, மேலே பிசின் பூசியிருப்பார்கள். ஆண்டுகள் போகப் போக அந்தப் பூச்சினாலேயே சில்லு கெடுகிறது. நம் ஊர் ஈரக் காற்று வேறு. அசிட்டோனில் ஊறவைத்துப் பூச்சைக் கழற்றிப் பிழைக்க வைக்கிறவர்கள் உண்டு, எல்லாம் பிழைக்காது. அதனால் இப்படிச் செய்யுங்கள்: மின்சாரம் கொடுத்து நன்றாகச் சூடாகட்டும். ஒலியைத் தடிப்பாக்கும் கோரஸ் வசதியை அணைத்துவிடுங்கள், அது குறையை மறைக்கும். பிறகு ஒரே விசையை ஆறு தடவை, நிதானமாக, விட்டு விட்டு அழுத்துங்கள். ஒவ்வொரு தடவையும் அடுத்த குரலுக்குப் போகும். ஆறில் ஒன்று கரகரத்தாலோ வராமலே போனாலோ ஒரு சில்லு போய்விட்டது என்று அர்த்தம், விலையை அதற்கேற்பக் குறைக்கச் சொல்லுங்கள். இரண்டு போயிருந்தால் வேண்டாம். அழுத்திப் பார்க்க விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால் பேசிக்கொண்டிருக்காமல் வண்டியை எடுங்கள்.